தம்பலகாமத்தை எந்தப் பெயரில் தேடுவது?

கேள்வி: திருகோணமலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வெளிவாரியாக முதுகலை செய்கிறேன். தம்பலகாமத்து வயல்களும் நீர்ப்பாசனமும்தான் ஆய்வுத் தலைப்பு. பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் பழைய ஆவணங்கள் கிடைக்கும் என்றார்கள். ஆனால் பட்டியலில் 'தம்பலகாமம்' என்று தேடினால் எதுவுமே வரவில்லை. வீட்டில் அம்மப்பாவின் ஏட்டுக்கட்டு ஒன்றும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வராதுதான். வெள்ளைக்காரர் நம் ஊர்ப் பெயர்களைத் தம் காதுக்குப் பட்டபடி எழுதிவைத்தார்கள். தம்பலகாமம் அவர்களிடம் 'டம்ப்லெகம்'. மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரத்தை ஆங்கிலத்தில் 'கே' என்ற எழுத்தில் தேடாதீர்கள். பழைய நூல்களில் அது 'சி'யில்தான் தொடங்கும். திருகோணமலைக்கோ ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். எங்கே எதைக் கண்டாலும் ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டே போங்கள். அந்தப் பட்டியல்தான் உங்கள் திறவுகோல்.

இன்னொரு சிக்கலும் உண்டு. உங்களுக்குத் தேவையானது பெரும்பாலும் தனி நூலாக இருக்காது. பிரித்தானியர் காலத்து ஆண்டு நிர்வாக அறிக்கைகள் முழு இலங்கைக்குமாகக் கட்டப்பட்ட தடித்த தொகுதிகள். அன்று கிழக்கு மாகாண அரசாங்க அதிபர் இருந்தது மட்டக்களப்பில், திருகோணமலைக்கு உதவி அரசாங்க அதிபர்தான். ஆகவே 'கிழக்கு மாகாணம்' என்ற தலைப்பின் கீழ் அந்த உதவி அதிபருடைய அறிக்கையைத் தேடிப் பிடியுங்கள். விளைச்சல், குளத்து வேலை, காய்ச்சல், வரி எல்லாம் அதில் வரும். கந்தளாய்க் குளம் பற்றிய பகுதிகளை விட்டுவிடாதீர்கள். தம்பலகாமத்து வயலுக்குத் தண்ணீர் அங்கிருந்துதானே!

ஒல்லாந்தர் காலத்துக்குப் போவதென்றால் கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களம். 1786இல் திருகோணமலையின் ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் இந்தப் பகுதியெங்கும் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். உங்கள் தலைப்புக்கு அதைத் தவறவிடக் கூடாது. மூல ஆவணங்கள் ஒல்லாந்த மொழியில், பழைய கையெழுத்தில் இருக்கும். முதல் நாளே அதில் கைவைத்தால் மனம் சோர்ந்துவிடும். அச்சில் வந்தவற்றை முதலில் படியுங்கள்.

அரிய நூல்கள் தட்டில் நாமே எடுக்கும்படி இருக்காது. மேற்பார்வையாளரின் கடிதம், அடையாள அட்டை, என்ன வேண்டும் என்று ஒரு பக்கக் குறிப்பு, இவற்றோடு முன்கூட்டியே நூலகருக்கு எழுதிவிட்டுப் போங்கள். 'திருகோணமலை வரலாறு வேண்டும்' என்றால் அவரும் என்ன செய்வார்? ஆண்டையும் ஊரையும் சொல்லிக் கேளுங்கள். பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டு பென்சில் கொண்டுபோங்கள். படம் எடுக்க அனுமதி கேட்க வேண்டும். பிளாஷ் கூடவே கூடாது. பயணத்துக்கு முன் இணையத்தில் 'நூலகம்' எண்ணிம நூலகத்தையும் ஒருமுறை துழாவுங்கள்; பஸ் காசு மிஞ்சலாம்.

அப்புறம் அம்மப்பாவின் ஏடு. எண்ணெய், மை எதுவும் நீங்களாகப் பூசாதீர்கள். சரட்டை இழுக்காமல், வரிசை குலையாமல், ஒவ்வொரு ஏட்டையும் இரு பக்கமும் படமெடுங்கள். ஓரத்தில் உள்ள தமிழ் எண்ணும் படத்தில் விழ வேண்டும். வாசிக்கும்போது திகைக்காதீர்கள்: ஏட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல, காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 'கோணமலை' என்பதே 'கெரணமலை' போலத்தான் தெரியும். நூலகருக்கு இப்போதைக்குப் படங்களைக் காட்டினால் போதும், கட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.