பஞ்சப்படி எங்கே போச்சுன்னு முதலில் கேளுங்கள்

கேள்வி: என் அம்மா கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காண்ட்ராக்டர் மூலம் துப்புரவு வேலை பார்க்கிறார். கைக்கு 9,200 ரூபாய்தான் வருகிறது. “கவர்மென்ட் போட்ட குறைந்தபட்சக் கூலியே இதுதான், அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம்தான் ஏறும்” என்கிறார் காண்ட்ராக்டர். உண்மையா? அரசு எதை வைத்து இதைக் கணக்குப் போடுகிறது?

பதில்: பாதி உண்மை. 5 ஆண்டு என்பது அடிப்படைச் சம்பளத்துக்கு. அதன் மேல், விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட, பஞ்சப்படி என்று ஒன்று இருக்கிறது. சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பார்த்து ஒவ்வோர் ஏப்ரல் 1-ம் தேதியும் அது மாறும். இரண்டும் சேர்ந்ததுதான் குறைந்தபட்சக் கூலி. காண்ட்ராக்டர்கள் வாய் திறக்காத வார்த்தை இந்தப் பஞ்சப்படி.

கணக்கு 1957-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு வகுத்தது. கணவன் 1, மனைவி 0.8, பிள்ளைகள் இருவருக்கும் தலா 0.6, ஆக நாலு பேர் வீட்டுக்கு மூன்று பேர் சாப்பாடு. ஆளுக்கு 2,700 கலோரி, குடும்பத்துக்கு வருஷம் 72 கஜம் துணி, வாடகை, அப்புறம் விறகு, விளக்கு, சில்லறைச் செலவுக்கென்று மொத்தத்தில் 20 சதவீதம். படிப்பு, வைத்தியம், கல்யாணம், முதுமைக்கென்று இன்னொரு 25 சதவீதம் சேர்க்கச் சொல்லி 1991-ல் ராப்டகோஸ் பிரெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. காகிதத்தில் குறையே இல்லை. 2019-ல் மத்திய அரசே அமைத்த நிபுணர் குழு நாடு முழுக்க இதற்குக் கீழே கூலி போகக் கூடாது என்ற தேசியத் தரைமட்டக் கூலி நாளுக்கு 375 ரூபாயாக இருக்கலாம் என்றது. அதே வருஷம் அரசு, இருந்த தரைமட்டக் கூலி 176-ஐ 178 ஆக்கியது. இரண்டு ரூபாய்! தமிழ்நாட்டு விகிதங்கள் அதைவிட மேல் என்பதால் அந்த எண் உங்களுக்கு வேண்டாம், விடுங்கள்.

உங்களுக்கு வேண்டியது அம்மாவின் சம்பளச் சீட்டு. பிஎஃப்பில் தொழிலாளி பங்கு 12 சதவீதம்தான். முதலாளி பங்கையும் சேர்த்து 24 பிடித்திருந்தால் அது திருட்டு, வேறு பெயர் கிடையாது. போன மாதம் ஒரு அம்மா கொண்டுவந்த சீட்டில் சீருடைக்கு 300, “மேற்பார்வை” என்று 250 போட்டிருந்தார்கள். சில இடங்களில் சம்பளம் பேங்கில் சரியாகவே விழும், ஏடிஎம் கார்டு மட்டும் சூப்பர்வைசர் பையில் இருக்கும். கார்டு அம்மாவிடம்தான் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

“அவங்க டிரெய்னி” என்பார்கள். அப்ரண்டிஸுக்கு உதவித்தொகைதான், குறைந்தபட்சக் கூலி இல்லை என்பது நிஜம். ஆனால் அதற்கு அப்ரண்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும், இன்ன தொழில், இத்தனை மாதம் என்று அதில் இருக்க வேண்டும். அது இல்லாமல் அடையாள அட்டையில் டிரெய்னி என்று அச்சடித்துவிட்டால் ஆகாது. நாலு வருஷமாகத் தரை துடைப்பவர் எதைப் பழகிக்கொண்டிருக்கிறாராம்?

குறைத்துக் கொடுத்த கூலியைக் காண்ட்ராக்டர் தராவிட்டால் மருத்துவமனை தர வேண்டும். தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுவை நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாசலிலேயே ஒருவர் “வர்றதுல பாதி எனக்கு, நான் முடிச்சுத் தரேன்” என்று வருவார். பல நேரம் அவருக்குக் காண்ட்ராக்டரும் பழக்கம்தான். மனு வெள்ளைத்தாளில் போதும், காசு வேண்டாம். இழுப்பார்கள், “ஐயா கேம்ப் போயிருக்கார்” என்பார்கள், திரும்பவும் போங்கள். சீட்டே தராத இடமாக இருந்தால் பேங்க் பாஸ்புக்கும் வருகை அட்டையின் போட்டோவும் கையில் இருக்கட்டும்.