பக்கத்து வீட்டுப் பெரியவருக்காக நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்

மறதி நோய் முற்றி ஆஸ்பத்திரியில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்குச் சொந்தம் யாருமில்லை, நானே கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க, எவ்வளவு பழக்கம் இருந்தாலும் பல இடங்களில் அதற்குச் சட்டப்படி மதிப்பில்லை, பின்னால் வம்பு உங்களுக்குத்தான். அங்குள்ள சமூகப் பணியாளரிடம் பேசுங்கள். பொறுப்பேற்க வேறு ஆளே இல்லாதபோது அவர் சார்பில் முடிவெடுக்க ஒரு அரசுப் பாதுகாவலரை நீதிமன்றம் நியமிக்கும் ஏற்பாடு பல நாடுகளில் உண்டு. ஆனால் அதற்கு 'மறதி நோய்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழ் போதாது, எதை அவரால் முடிவெடுக்க முடியும், எதை முடியாது என்று மருத்துவர் பிரித்து எழுத வேண்டும். முடிந்தால் பணம், சிகிச்சை என்று தேவையானதற்கு மட்டும் அதிகாரம் கேட்கச் சொல்லுங்கள், ஒருமுறை போன உரிமையைத் திரும்ப வாங்குவது லேசில்லை. அப்புறம், வரப்போகிற பாதுகாவலருக்கு அவர் முன்பின் தெரியாதவர். அவருக்கு எது பிடிக்கும், எதற்குப் பயப்படுவார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், எழுதிக் கொடுங்கள்.