லீவர் மெஷினில் சூடும் அழுத்தமும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

வீட்டில் லீவர் எஸ்பிரெசோ மெஷின் (கைப்பிடியை இழுத்து, பிஸ்டனால் வெந்நீரைத் தூள் வழியாக அழுத்தும் காப்பி மெஷின்) வைத்திருப்பவர்கள் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சூட்டையும் அழுத்தத்தையும் பற்றித்தான். என்னிடம் இருப்பது லா பவோனி புரொஃபெஷனல். சிங்கப்பூரில், அங் மோ கியோவில் என் வீவக அடுக்குமாடி வீட்டு அடுப்படியில் 11 வருடமாகத் தினமும் ஓடுகிறது. கேட்டவர்களில் பலரிடமும் லா பவோனிதான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடு சரியாகும்வரை வேறு எதிலும் கைவைக்காதீர்கள். சூடு தப்பாக இருக்கும்போது அரைப்பை மாற்றி, தூளை அமுக்குவதை மாற்றி, காப்பிக் கொட்டையையும் மாற்றினால் எது எதனால் வந்தது என்றே பிடிபடாது.

தெம்பனிஸிலிருந்து: அக்கா, அழுத்தமானி 0.8 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டியதும் லீவரை இழுக்கிறேன். முதல் கப் மட்டும் தினமும் புளிக்கிறது. ஏன்?

மானி பொய் சொல்கிறது, தம்பி. குக்கரை நினைத்துப் பாருங்கள். ஆவி நன்றாக வந்த பிறகுதானே வெயிட் போடுகிறோம்? உள்ளே இருக்கும் காற்று வெளியேறட்டும் என்றுதான். உங்கள் பாய்லரில் அந்தக் காற்று தானாக வெளியேற வழியே இல்லை. தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகியதும் அது உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் சூடாகும்போது காற்றும் விரிந்து மானியைத் தள்ளுகிறது. அதனால் முள் 0.8ல் நிற்கும்போது தண்ணீர் 90 டிகிரியைக்கூடத் தாண்டியிருக்காது. காற்று இல்லாமல் வெறும் நீராவி மட்டும் இருந்தால் அதே 0.8 பாருக்குத் தண்ணீர் ஏறத்தாழ 117 டிகிரியில் இருக்கும். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

முள் ஏறியதும் நீராவிக் குமிழைத் திறந்துவிடுங்கள். முதலில் ஈரமும் காற்றும் கலந்து புஸ்ஸென்று வரும். அப்புறம் சத்தம் மாறி, சீரான வறண்ட ஆவி வரும். அப்போது மூடுங்கள். முள் சரசரவென்று விழுந்து மறுபடி ஏறும். இன்னொரு தடவையும் இப்படிச் செய்யுங்கள். அதோடு லீவரைத் தூக்கி, வெறும் போர்ட்டாஃபில்டர் (தூள் போட்டு மாட்டும் கைப்பிடிக் கிண்ணம்) வழியாகக் கொஞ்சம் வெந்நீரை ஓடவிட்டால் குரூப் தலையும் (பிஸ்டன் இருக்கும், போர்ட்டாஃபில்டர் மாட்டும் உலோகப் பகுதி) சூடேறும். முதல் கப்பின் புளிப்புக்கு உள்ளே மாட்டிய காற்று, சூடேறாத குரூப் தலை, இந்த இரண்டும்தான் காரணம்.

ஈசூனிலிருந்து: விருந்தாளிகள் வந்தால் நாலு கப் போட வேண்டியிருக்கிறது. மூன்றாவது கப்பிலிருந்து கருகல் கசப்பு. கொட்டையில் கோளாறா?

கொட்டையில் ஒன்றும் இல்லைம்மா, குரூப் தலைதான் கொதித்துவிடுகிறது. இந்த மெஷினில் பாய்லர் தண்ணீரை நேராகக் காப்பித் தூளில் விட முடியாது, அது நூற்றுக்கு மேல் இருக்கிறது. குரூப்பின் கனத்த உலோகத்தில் பட்டுத்தான் அது 90 பக்கம் இறங்குகிறது. அதாவது பாய்லரோடு ஒட்டியிருக்கும் அந்த உலோகம்தான் தண்ணீரை ஆற்றித் தருகிறது. ஒவ்வொரு கப்புக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மூன்றாவது கப்பில் ஆற்ற அதனிடம் இடமே இல்லை. நம் ஊரில் அடுப்படியே 30 டிகிரி இருக்கும்போது அது தானாக ஆறவும் நேரமாகும்.

நான் செய்வது இது. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் இரண்டு ஐஸ் கட்டியும் போட்டு, காலி போர்ட்டாஃபில்டரை அதில் நனைத்து எடுத்து, துடைத்து, குரூப்பில் மாட்டி அரை நிமிடம் விடுவேன். உலோகம் உலோகத்திலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். கழற்றித் தொட்டுப் பார்த்தால் போர்ட்டாஃபில்டர் சுடும். தேவைப்பட்டால் இன்னொரு முறை. ஈரத்துணியைக் குரூப்பின் மேல் சுற்றலாம், ஆனால் மின்கம்பி பக்கம் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் மாறும் வெப்பநிலைப் பட்டை ஒன்றை வாங்கிக் குரூப்பின் வெளிப்பக்கம் ஒட்டுங்கள். இந்த மெஷினுக்கு இதைவிட உருப்படியான செலவு கிடையாது. என் மெஷினில் இழுப்பதற்கு முன் 82 முதல் 86 வரை இருந்தால் கருவறுவலுக்கு (கருக்க வறுத்த கொட்டை) நன்றாக இருக்கிறது. இளவறுவலுக்கு (லேசாக வறுத்தது) 90ஐ ஒட்டி இருக்கலாம். 95ஐத் தாண்டினால் காத்திருங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: எஸ்பிரெசோவுக்கு வேண்டிய 9 பார் வருகிறதா என்று கையால் எப்படித் தெரிந்துகொள்வது? இன்னும் பலமாக டேம்ப் செய்ய (தூளை அமுக்க) வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். தூள் உட்காரும் 51 மில்லிமீட்டர் பாஸ்கெட்டின் பரப்பு சுமார் 20 சதுர சென்டிமீட்டர். நீங்கள் 10 கிலோ பலத்தில் அமுக்கினாலும் தூளின் மேல் விழுவது அரை பார்தான். பிஸ்டன் 9 பார் கொடுக்கும்போது அதே தூளின் மேல் ஏறத்தாழ 185 கிலோ உட்காருகிறது. அதற்கு முன்னால் டேம்பர் எந்த மூலைக்கு? தூள் சமமாக இருக்க வேண்டும், மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது முதல் கேள்வி. முறுக்கு பிழிந்திருப்பீர்கள். மாவு தளர்ந்திருந்தால் எவ்வளவு பலசாலி அழுத்தினாலும் அச்சில் அழுத்தம் நிற்காது, பொலபொலவென்று இறங்கிவிடும். இங்கேயும் அப்படியே. அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அரைப்பு. லீவர் சுலபமாக இறங்கினால் கையைக் குறை சொல்லாதீர்கள், கிரைண்டரை ஒரு படி நைசாக்குங்கள்.

அளந்து பார்க்க ஆசையென்றால் உடல் எடை பார்க்கும் தராசின் மேல் ஏறி நின்று லீவரை இழுங்கள். நீங்கள் கீழே கொடுக்கும் விசை அளவுக்குத் தராசு குறைத்துக் காட்டும். 62 கிலோ இருப்பவர் இழுக்கும்போது 45 காட்டினால் கை கொடுப்பது 17 கிலோ. பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணைப் படிக்கட்டும், நீங்கள் குனியாதீர்கள். என் மெஷினில் நல்ல கப் வரும் நாட்களில் 15 முதல் 18 வரை குறைகிறது. உங்கள் எண் வேறாக இருக்கலாம். நல்ல கப் வந்த அன்று எவ்வளவு என்று குறித்துக்கொண்டால் போதும். பிஸ்டன் தண்டோடு பொருத்தும் அழுத்தமானியும் விற்கிறது.

இன்னொன்று. லீவரைத் தூக்கியதும் உடனே இழுக்காதீர்கள். பாய்லர் அழுத்தத்திலேயே தூள் ஊறட்டும். 7, 8 விநாடியில் அடியில் முதல் துளி தலைகாட்டும், அப்போது இழுக்கத் தொடங்குங்கள். நடுவில் உச்சத்துக்குப் போய், கடைசியில் கையைத் தளர்த்திக்கொண்டே வாருங்கள். அகில்லே காஜியா 1940களின் பிற்பகுதியில் கொண்டுவந்த ஸ்பிரிங் லீவரிலும் ஸ்பிரிங் விரிய விரிய அழுத்தம் தானாகவே குறைந்துகொண்டு போகும். கடைசிச் சொட்டுகளில் கசப்பு குறைவாக இருப்பதற்கு அது பெரிய காரணம். நம் கையால் அதையே செய்கிறோம்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து: பால் நுரைக்க நீராவி பலமாக வேண்டும். பிரஷர்ஸ்டாட்டை (பாய்லர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்சை) 1.2க்கு ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். 1.2 பார் என்றால் தண்ணீர் 123 டிகிரி. நுரை வரும், ஆனால் குரூப் இன்னும் சீக்கிரம் கொதிக்கும், மேலே ஈசூன் சகோதரி சொன்ன கருகல் இரண்டாவது கப்பிலேயே வந்துவிடும். கருவறுவல் குடிப்பவர்கள் 0.7க்கு இறக்கிப் பாருங்கள் என்றுகூடச் சொல்வேன். அதுவே 115 டிகிரி, ஒரு கப் பாலுக்குத் தாராளம். பிரஷர்ஸ்டாட்டின் திருகைத் தொடுவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அந்தத் திருகுக்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் ஓடும் முனைகள் இருக்கின்றன. கால் சுற்று மட்டும் திருகி, மூடி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

செங்காங்கிலிருந்து: என்னுடையது பாய்லர் இல்லாத கைமெஷின், கெட்டில் தண்ணீர் ஊற்றுவது. சூட்டை எப்படிப் பிடிப்பது?

உங்களுக்கு நேர் எதிரான பிரச்சினை. அங்கே அதிகச் சூட்டை இறக்கப் பாடுபடுகிறோம், உங்களுக்கு இருக்கிற சூட்டைக் காப்பாற்ற வேண்டும். தண்ணீர் விழும் உலோகப் பகுதியைக் கொதிக்கும் நீரில் ஊறவையுங்கள், அல்லது கெட்டில் வாயின் ஆவியில் இரண்டு நிமிடம் வையுங்கள். பிறகு கொதி அடங்குமுன் ஊற்றுங்கள். கருவறுவலுக்கு இவ்வளவு பாடு வேண்டாம்.

பெயர் சொல்ல விரும்பாத பெரியவர்: தேக்காவில் வாங்கும் சிக்கரி கலந்த தூளையோ காப்பிக்கடைத் தூளையோ இதில் போடலாமா?

வேண்டாம் ஐயா. சிக்கரி தண்ணீர் பட்டதும் பிசுபிசுவென்று ஊறிப் பாஸ்கெட்டை அடைத்துவிடும். பில்டரில் மெதுவாகச் சொட்டி டிகாஷன் இறங்க அது அழகு, இங்கே அல்ல. காப்பிக்கடைக் கொட்டை சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது. அரைத்தால் கிரைண்டர் பற்களில் ஒட்டிக்கொள்ளும். துணிப்பையில் வடித்தால்தான் அதற்கு மரியாதை. எனக்கும் மாலை நாலு மணிக்குக் காப்பிக்கடைக் காப்பிதான் பிடிக்கும்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: லீவர் பஞ்சு மாதிரி துள்ளுகிறது. பாதியில் போர்ட்டாஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாமா?

கழற்றவே கூடாது! மூன்று வருடங்களுக்கு முன் தூள் அடைத்து ஒன்றும் இறங்காமல் நின்றபோது நான் அவசரப்பட்டுப் போர்ட்டாஃபில்டரைத் திருப்பினேன். கொதிக்கும் தூள் சேறு என் முன்கையிலும் கூரைவரையும் தெறித்தது. மணிக்கட்டுக்கு மேலே தழும்பு இன்னும் இருக்கிறது. அடைத்துக்கொண்டால் மெஷினை அணைத்து, நீராவிக் குமிழைத் திறந்து அழுத்தத்தை முழுக்க விட்டு, லீவரில் துள்ளல் போகும்வரை காத்திருந்து அப்புறம் மெதுவாகத் திருப்புங்கள்.

துள்ளலுக்குக் காரணம் பிஸ்டனுக்கும் தூளுக்கும் நடுவே மாட்டிய காற்று. லீவரை வெடுக்கென்று தூக்காமல் மெதுவாகத் தூக்கி, மேலே வந்ததும் நிறுத்தினால் தண்ணீர் அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். அப்படியும் துள்ளினால் பிஸ்டன் ரப்பர் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். மாற்றும்போது உணவுக்கேற்ற சிலிகான் கிரீஸ் பூசுங்கள்.

தோ பாயோவிலிருந்து: குழாய்த் தண்ணீர் போதுமா?

போதும். பொதுப் பயனீட்டுக் கழகம் நீரில் குளோரமின் சேர்க்கிறது, கரி வடிகட்டி வைத்தால் அந்த வாடை குறையும். உப்பு கொஞ்சமாவது படியும், ஆகவே சில மாதங்களுக்கு ஒருமுறை சிட்ரிக் அமிலம் கரைத்துக் கழுவுங்கள். கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் அடிக்கோட்டுக்குக் கீழே போக விடாதீர்கள், காய்ந்தால் சூடேற்றும் கம்பி கருகிவிடும். தண்ணீர் சேர்க்க வேண்டுமானால் மெஷினை அணைத்து, ஆவியை முழுக்க வெளியேற்றி, முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே மூடியைத் தொடுங்கள். சேர்த்த பிறகு மறுபடி காற்றை வெளியேற்ற மறக்க வேண்டாம், மூடியைத் திறந்தபோது புதுக்காற்று உள்ளே போயிருக்கும்.