வாசகர் கேள்வி – பதில்: லேசர்ஆக்டிவ் சேகரிப்பு

கேள்வி: லேசர்டிஸ்க் (படம் பார்க்கும் பெரிய டிஸ்க்) ஓட்டும் மெஷினிலேயே கேமும் ஆடவைத்த பயோனியர் லேசர்ஆக்டிவின் கேம்களைச் சேகரிக்க ஆசை. அரிய டிஸ்க் கிடைக்கும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, மெஷினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். டிஸ்க் நல்லதா கெட்டதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். மெஷின் வருவதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்துவிடும்.

1993-ல் வந்த சிஎல்டி-ஏ100 என்ற லேசர்ஆக்டிவ் மெஷினில் தனியாக லேசர்டிஸ்க்கும் சிடியும்தான் ஓடும். கேமுக்கு முன்பக்கம் செருகும் ‘பேக்’ வேண்டும். செகா வகைக்கு மெகா எல்டி பேக் (ஜப்பானில் எஸ்1, அமெரிக்காவில் எஸ்10), என்இசி வகைக்கு எல்டி-ரோம்² பேக் (என்1, என்10). ஒன்றின் டிஸ்க் மற்றதில் ஓடாது. ‘பிரமிட் பேட்ரோல்’ மெகா எல்டிக்கு, ‘வஜ்ரா’ எல்டி-ரோம்²-க்கு. ‘மெலன் பிரெய்ன்ஸ்’ இரண்டுக்கும் தனித்தனியாக வந்தது. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல், அட்டையில் எந்த முத்திரை இருக்கிறது என்று படம் கேளுங்கள்.

முதலில் மெகா எல்டி பேக்கையே வாங்குங்கள். அதற்குக் கேம்கள் அதிகம். செகாவின் வழக்கமான கேம்களான மெகா டிரைவ் கார்ட்ரிட்ஜும் மெகா சிடியும் அதில் ஓடும் என்பதால், அரிய டிஸ்க் கையில் இல்லாமலே பேக்கைச் சோதிக்கலாம். ஜப்பான் மெஷினுக்கு 100 வோல்ட், அமெரிக்க மெஷினுக்கு 120 வோல்ட். 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும்.

கேள்வி: டிஸ்க் கண்ணாடிபோலப் பளபளக்கிறது. ஆனால் படத்தில் வண்ணப் புள்ளிகள் பொரிகின்றன. துடைத்தால் போகுமா?

பதில்: அழுக்கென்றால் போகும், லேசர் ராட் என்றால் போகாது. லேசர்டிஸ்க் என்பது முதுகோடு முதுகாக ஒட்டிய இரண்டு அக்ரிலிக் தகடுகள். பசை சரியில்லாவிட்டால் உள்ளே அலுமினியப் படலம் அரித்துப்போகும். இதுதான் லேசர் ராட். வெளியிலிருந்து பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்காதீர்கள். ஆல்கஹால் பக்கமே போகாதீர்கள். அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்பு விழும். துடைத்த பிறகும் அதே இடங்களில் புள்ளி பொரிந்தால் அது ராட். அதற்கு மருந்து கிடையாது. இரண்டு பக்கத்தையும் சோதியுங்கள், ஒரு பக்கம் மட்டும் கெட்டிருப்பதும் உண்டு. கேமின் டிஜிட்டல் தரவு படத்தோடு அதே தடத்தில்தான் பதிவாகியிருக்கிறது. அதனால் முற்றிய ராட் படத்தைக் கெடுப்பதோடு நிற்காது, லோடிங்கிலேயே கேம் நின்றுபோகலாம்.

வைக்கும்போது செங்குத்தாக, சாயாமல் நிறுத்துங்கள். சாய்ந்தால் வளையும்.

கேள்வி: ‘வேலை செய்யும்’ என்று சொல்லித்தான் விற்றார்கள். டிரே திறக்கிறது, லேசர்டிஸ்க் படம் ஓடுகிறது, பேக் மட்டும் உயிர்பெறவில்லை.

பதில்: சினிமா ஓடினாலே ‘வேலை செய்யும்’ என்று எழுதிவிடுகிறார்கள். பேக்கில் சந்தேகப்பட வேண்டியது போர்டின் மேற்பரப்பில் ஒட்டிய மின்பகு கெப்பாசிட்டர்களை. அவை கசிந்து தாமிரத் தடங்களைத் தின்னும். மீன் நாற்றம், மங்கிய சால்டர், சத்தம் குறைவது எல்லாம் அறிகுறி. திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள்.

கெப்பாசிட்டரைக் குறடால் திருகிப் பிடுங்கினால் பேடோடு (போர்டில் அது பற்றவைக்கப்பட்ட தாமிரத் திட்டு) வந்துவிடும். இரண்டு முனையையும் ஒருசேரச் சூடாக்கித் தூக்குங்கள். கசிவு காரத்தன்மை உள்ளது. நீர் கலந்த வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள் (போர்டுக்கு அது சரி, டிஸ்க்குக்குத்தான் ஆகாது). புதியதில் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி ரகம். மூடுவதற்குமுன் மல்டிமீட்டரால் தடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். புதுக் கெப்பாசிட்டர் போட்டும் ஓடாத பேக்குகளில் பெரும்பாலும் ஏதோ ஒரு தடம் அறுந்திருக்கும்.

கேள்வி: லேசர்ஆக்டிவின் 3டி கண்ணாடி எல்இடி டிவியில் வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. அது ஷட்டர் கண்ணாடி, டிவி படத்தின் வேகத்துக்கு ஏற்ப இரண்டு கண்ணையும் மாறி மாறி மறைக்கும். பழைய குழாய் டிவி வேண்டும்.