73939133 என்ற எண்ணில் அப்படி என்ன விசேஷம்?

இது ஒரு பகா எண். அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும். அழகு அதன் வால் பக்கத்தில் இருக்கிறது. கடைசி இலக்கத்தை நீக்கினால் 7393913. அதுவும் பகா எண்! நீக்கிக்கொண்டே போங்கள்: 739391, 73939, 7393, 739, 73, 7. எட்டுமே பகா எண்கள். கரும்பை நுனியிலிருந்து கணுக் கணுவாக வெட்டினாலும் கையில் மிஞ்சுவது கரும்புதானே, அப்படி.

நாம் எழுதும் பத்தடிமான முறையில் இந்த வகை எண்கள் மொத்தம் 83தான். இதுவே அவற்றில் பெரியது. ஏன் இதற்கு மேல் வளரவில்லை? கடைசியில் இரட்டைப்படை இலக்கம் (0, 2, 4, 6, 8) சேர்த்தால் 2-ஆல் வகுபடும், 5 சேர்த்தால் 5-ஆல். மிஞ்சுவது 1, 3, 7, 9. இப்போது இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 38. அதோடு 1 சேர்ந்தால் 39, 7 சேர்ந்தால் 45. இரண்டுமே 3-இன் மடங்கு என்பதால் அந்த எண்களும் 3-ஆல் வகுபட்டுவிடும் (பள்ளியில் படித்த அதே விதிதான், இங்கே எவ்வளவு அழகாகக் கைகொடுக்கிறது!). 3, 9 சேர்த்து வருபவற்றுக்கு வேறு வகுத்திகள் உண்டு. வேறு பகா எண்களில் தொடங்கி இப்படி இலக்கம் சேர்த்து வளர்த்தாலும் எட்டு இலக்கத்தைத் தாண்டுவதில்லை.

'மிகப் பெரியது' என்றதும் பகா எண்களே இதோடு தீர்ந்தன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றுக்கு முடிவே இல்லை என்று கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிவிட்டார்.