உண்ணிக்காய்ச்சல் சரியான பிறகும் காதடைப்பு, தாடை வலி, தலைசுத்தல் போகல, என்ன பண்றது?

உண்ணி கடிச்சு காய்ச்சல் வந்து மாத்திரை எல்லாம் முடிச்சாச்சு, ஆனா ஒரு மாசமா காது அடைச்ச மாதிரி இருக்கு, தாடை வலிக்குது, படுத்தா தலை சுத்துது, கிருமி இன்னும் உடம்புலயே இருக்கான்னு கேட்டிருக்கீங்க.

நான் டாக்டர் இல்லைங்க, நாதஸ்வரக்காரன். தென்னாப்பிரிக்காவுல டர்பன் நகரத்துல கோயில் வாசிப்பு, கல்யாணம், சனி ஞாயிறுல பிள்ளைங்களுக்குப் பாடம், இதான் பொழப்பு. காதும் தாடையும் மக்கர் பண்ணா எனக்கு அடுப்பு எரியாது, அதனால இந்த மூணையும் வச்சுக்கிட்டு நான் அலைஞ்ச அலைச்சல் கொஞ்சநஞ்சம் இல்ல.

தைப்பூசக் காவடி முடிஞ்ச கையோட மாணவர் வீட்டுக்காரங்க பக்கில (இங்க பிக்கப் வண்டிக்கு அப்படிப் பேரு) ஏத்திக்கிட்டு ஹ்ளுஹ்ளுவே காட்டுப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க. சாப்பிட இறங்கின எடத்துல முழங்கால் உயரப் புல்லு, வேட்டியோட அரை மணி நேரம் நடந்திருப்பேன். ஒரு வாரத்துல காய்ச்சல், மண்டை பொளக்குற வலி, கழுத்தைத் திருப்ப முடியல. முதல்ல பாத்த டாக்டர் ஃப்ளூன்னு வலி மாத்திரை குடுத்து அனுப்பிட்டாரு. கண்டுபிடிச்சது வீட்டுக்கார அக்காதான், டர்பன்ல இந்திய வம்சாவளிக்காரங்க நெறைய இருக்கிற சாட்ஸ்வர்த்துல பொறந்து வளர்ந்தவங்க, தமிழ்ல வா, சாப்டு, ஐயோ, இவ்ளோதான் வரும். நான் முழங்காலுக்குப் பின்னாடி சொறிஞ்சிட்டிருந்ததைப் பாத்து குனிஞ்சு பாத்தாங்க, ஊதுபத்தியால சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு, சுத்தி செவப்பு, இடுப்புல இன்னொண்ணு. "தம்பி, திஸ் இஸ் டிக் பைட்!"னு கத்தினாங்க, அதாவது உண்ணிக்கடி. இங்க இருக்கிறவங்களுக்கு டிக் பைட் ஃபீவர் அவ்ளோ பழக்கம். ரெண்டாவது டாக்டர் ரத்த ரிசல்ட்டுக்குக் காத்திருக்கல, கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடி ரத்தத்துல தெரியவே நாளாகும்னு சொல்லி டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, 7 நாள்னு ஆரம்பிச்சாரு, ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடுச்சு. (அந்த மாத்திரைய நெறைய தண்ணியோட முழுங்கணும், முழுங்கினதும் படுக்கக்கூடாது, வெயில்ல நின்னா தோல் சட்டுனு கருகும், டர்பன் வெயில்ல கேக்கவே வேண்டாம்.)

அம்மா போன்ல, நம்ம ஊர்லயும்தான் உண்ணிக்காய்ச்சல் வருது, அதே கறுப்புப் பொருக்கு, அதே மாத்திரைன்னாங்க. ஆனா நம்மூர்ல அப்படிச் சொல்றது ஸ்க்ரப் டைபஸ், அதைக் கொண்டு வர்றது கண்ணுக்கே சரியாத் தெரியாத ஒரு பொடிப் பூச்சி. இங்க நிஜ உண்ணி, மாட்டு மேலயும் காட்டு மிருகங்க மேலயும் இருக்கிற பாண்ட் டிக், கிருமி பேரு ரிக்கெட்சியா ஆப்பிரிக்கே. நெட்ல தேடினா வர்றது முக்கால்வாசி மூணாவது வியாதி, லைம், அது அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் அதிகமா இருக்கிறது. நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு எழுதல, அந்தப் பக்கம்னா லைமுக்கு டெஸ்ட் எடுக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, அதுல முகநரம்பு அடிபடலாம், மூட்டு வலிக்கலாம். எந்த ஊரா இருந்தாலும் முகம் ஒரு பக்கம் இழுத்தாலோ, ஒரு காது திடீர்னு கேக்காமப் போனாலோ, பேச்சு குழறினாலோ, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சாலோ இதைப் படிச்சிட்டு உக்காராதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி. மாத்திரை சாப்பிடுறப்பவே தலைவலி கூடி கண்ணும் மங்கினா அதையும் உடனே சொல்லுங்க, அந்த மாத்திரையாலயே அபூர்வமா அப்படி வரும்.

எனக்கு உங்களை மாதிரியேதான் மிச்சம் நின்னுச்சு. எல்லாத்தையும் உண்ணி தலையில கட்டி, நெட்ல விக்கிற சுத்திகரிப்பு மருந்து வாங்கப் போய்ட்டேன், நல்லவேளை காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட முதல்ல காட்டினேன். அவர் தனித்தனியாப் பிரிச்சாரு. காது கேக்குற டெஸ்ட், செவிப்பறை டெஸ்ட் ரெண்டும் சுத்தம். அப்புறம் என் காதுக்கு முன்னாடி விரலை வச்சு வாயைத் தொறன்னாரு, டக்குனு ஒரு சத்தம், உயிர் போச்சு. தாடை மூட்டு காதுத் துவாரத்தை ஒட்டியே இருக்கு, அங்க வலிச்சா காது அடைச்ச மாதிரி, குத்துற மாதிரி தோணுமாம். காய்ச்சல்ல கழுத்து இறுகி ராத்திரி பூரா பல்லைக் கடிச்சிருக்கேன், அதுக்கு மேல பாதி குணமாகறதுக்குள்ள சீவாளிய (நாதஸ்வரத்துல வாயில வச்சு ஊதுற நாணல் துண்டு) வாயில வச்சு ஊதியிருக்கேன்.

ஆறு வாரம் வாத்தியத்தைத் தொடாதேன்னாரு. காதை முழுசா பாக்குற வரைக்கும் தம் கட்டி ஊதுற அழுத்தம் வேண்டாம்னும் ஒரு காரணம். புனித வெள்ளிக்கு மாரியம்மன் கோயில் திருவிழா, வருஷம் பூரா காத்திருக்கிற வாசிப்பு, கூட வாசிக்கிற தம்பிகிட்ட விட்டுட்டு ஓரமா நின்னேன், அது காய்ச்சலை விட மோசம். வீட்டுல வெந்நீர்ல முக்கின துணி ஒத்தடம் பத்து நிமிஷம், உதடு மூடி பல்லு படாம நாக்கை மேல் பல்லுக்குப் பின்னாடி வச்சுக்கிறது, கொட்டாவி வந்தா தாடைக்குக் கீழ கையைக் குடுக்கிறது, சூயிங்கம் கிடையாது. பன்னி சௌன்னு இங்க ரொட்டியக் குடைஞ்சு உள்ள கொழம்பு ஊத்திக் குடுப்பாங்க, அந்த ரொட்டியோட ஓரத்தைப் பிச்சுக் கடிச்சு இழுக்கிறதையும் விட்டேன், நடுவுல இருக்கிற மெத்து ரொட்டியக் கொழம்புல ஊற வச்சு சாப்பிட்டேன்.

தலைசுத்தல் வேற கதை. படுக்கையில வலப்பக்கம் புரண்டாப் போதும், கூரை ராட்டினமா சுத்தும், அரை நிமிஷத்துல நின்னுடும். அது உள்காதுல இருக்கிற சுண்ணாம்புத் துகள் எடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள்ள போறதாலயாம், ரொம்ப நாள் படுத்தே கிடந்தாலும் வரலாமாம். என்னை மேசையில மல்லாக்கச் சாய்ச்சு தலையை ஓரத்துல தொங்கவிட்டு, கண்ணு துடிக்கிறதைப் பாத்து எந்தக் காதுன்னு கண்டுபிடிச்சு, அப்படியே படிப்படியாத் திருப்பி எழுப்பி உக்கார வச்சாரு. எப்ளி முறைன்னு பேரு, ரெண்டு தடவையில முக்கால்வாசி போச்சு. யூடியூப் பாத்து நீங்களா பண்ணாதீங்க, காது மாறிப் பண்ணா பிரயோஜனம் இல்ல, கழுத்து வேற வலிக்கும். உங்களுக்கு நாள் பூரா தள்ளாட்டமா இருந்தா அது இந்த வகை இல்ல, அதுக்குக் கட்டைவிரலைப் பாத்துக்கிட்டே தலையை இடவலமா ஆட்டுற பயிற்சியெல்லாம் பிசியோவுல சொல்லித் தருவாங்க. ஸ்டெமெட்டில் மாதிரி தலைசுத்தல் மாத்திரை சில நாளைக்கு ஓகே, மாசக்கணக்குல போட்டா மூளை தானா பழகிக்கிறது தள்ளிப்போகும்.

ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப திரும்ப எடுத்தேன். முதல்ல அஞ்சு நிமிஷம், அப்புறம் பத்துன்னு வீட்டுல சாதகம் பண்ணிட்டுத்தான் போனேன். அன்னிக்கு ஒரு மணி நேரம் தாராளமா வாசிச்சேன், அப்புறம் தாடை லேசா டக்குன்னுச்சு, சீவாளியக் கழட்டி வச்சிட்டு நானும் ஒரு டம்ளர் கூழுக்கு வரிசையில போய் நின்னுட்டேன்.