வெளியே மாட்டும் வயர்லெஸ் கேமராவை பேட்டரி இல்லாமல் நேரடியாகக் கரண்ட்டில் ஓட்டுவது எப்படி?

தாராளமாக ஓட்டலாம். 'வயர்லெஸ்' என்பது படம் வைஃபையில் போகிறது என்பதற்கு மட்டும்தான். பேட்டரி இல்லையென்றால் கரண்ட் எப்படியும் வயரில்தான் வந்தாக வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் இரண்டைப் பாருங்கள்: கேமராவில் ஒட்டியிருக்கும் லேபிள், அப்புறம் பிளக் பாயின்ட்டிலிருந்து கேமரா வரை வயர் வளைந்து நெளிந்து போகும் தூரம். நேர்கோட்டுத் தூரத்தை நம்பாதீர்கள். சுவர் ஏறி, சன்ஷேடு சுற்றிப் போகும்போது 12 மீட்டர் என்று நினைத்தது எளிதாக 20 மீட்டர் ஆகிவிடும்.

லேபிளில் 5 வோல்ட் அல்லது 12 வோல்ட் டிசி என்று இருக்கும். 12 வோல்ட் கேமராக்களில் பெரும்பாலும் 5.5 மி.மீ. வெளிவிட்டமும் 2.1 மி.மீ. துளையும் கொண்ட உருண்டைப் பின் வரும். நடுவில் பாசிட்டிவ், வெளியே நெகட்டிவ். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். 5 வோல்ட் கேமராவில் 12 வோல்ட்டைச் செருகினால் போர்டு போய்விடும். ஆம்பியர் கூடுதலாக இருப்பதில் தவறில்லை. 1 ஆம்பியர் கேட்கும் கேமராவுக்கு 2 ஆம்பியர் அடாப்டர் போடுவது நல்லதே; தனக்கு வேண்டியதை மட்டும்தான் கேமரா இழுத்துக்கொள்ளும்.

உங்களுடையது உள்ளே பேட்டரி உள்ள மாடல் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். பல மாடல்களில் சார்ஜிங் போர்ட்டில் அடாப்டரை நிரந்தரமாகச் செருகி வைத்தாலும் பேட்டரி சார்ஜ் ஆகுமே தவிர, கேமரா பழையபடி தூங்கித் தூங்கித்தான் விழிக்கும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டுமே பதிவு செய்யும். 24 மணி நேரப் பதிவு வேண்டுமென்றால் அந்த வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் பேட்டரியே இல்லாத அடாப்டர் மாடலுக்கு மாறுவதுதான் வழி. பேட்டரியைக் கழற்றிவிட்டு அதன் முனைகளில் 5 வோல்ட்டை சாலிடர் செய்ய வேண்டாம். ஒற்றை லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட்தான் தரும். அதற்காக வடிவமைத்த சர்க்யூட்டில் 5 வோல்ட்டை ஏற்றக் கூடாது.

இனி வயரிங். முதல் விதி: மெயின் கரண்ட் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அடாப்டரை உள்ளே ஒரு பிளக்கில் மாட்டி, குறைந்த வோல்ட் டிசியை மட்டும் சுவரில் துளையிட்டு வெளியே கொண்டு போங்கள். அந்த வயர் அறுந்தாலும் நனைந்தாலும் யாருக்கும் ஷாக் அடிக்காது.

ஆனால் பெரும்பாலானோர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். பகலில் கேமரா நன்றாக ஓடும்; இருட்டியதும் ஆஃப் ஆகும், தானாக ரீஸ்டார்ட் ஆகும், விடிந்ததும் சரியாகிவிடும். வைஃபை சிக்னலையும் கேமராவையும் மாற்றி மாற்றிக் குறை சொல்வார்கள். காரணம் பெரும்பாலும் வயர்தான். இருட்டியதும் இன்ஃப்ராரெட் எல்இடிகள் எரியத் தொடங்குகின்றன. 0.3 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்த கேமரா 0.8 ஆம்பியர் இழுக்கிறது. வயர் மெலிதாக இருந்தால் அந்தக் கூடுதல் கரண்ட் போகும்போதே வோல்ட் கரைந்துவிடுகிறது.

கணக்கு எளிது. 24 கேஜ் (AWG அளவு; எண் கூடக் கூட வயர் மெலியும்) செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.084 ஓம் தடை. 20 மீட்டர் தூரம் என்றால் போய் வர 40 மீட்டர், ஆக 3.4 ஓம். பகலில் 0.3 ஆம்பியரில் 1 வோல்ட் போகும். கேமராவுக்கு 11 கிடைக்கும், ஓடிவிடும். இரவில் 0.8 ஆம்பியரில் 2.7 வோல்ட் போய், 9.3தான் மிஞ்சும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு: வோல்ட் குறையும்போது கேமராவின் உள்ளிருக்கும் ரெகுலேட்டர் அதே வாட்ஸை எடுக்க இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும்; வோல்ட் மேலும் சரியும். அதே தூரத்துக்கு 0.75 சதுர மி.மீ. வயர் போட்டால் மொத்தத் தடை சுமார் 0.92 ஓம். இரவிலும் முக்கால் வோல்ட்டுக்கு மேல் இழப்பு இல்லை. எனவே 20 மீட்டர் வரை 0.75, அதைத் தாண்டினால் 1 அல்லது 1.5 சதுர மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயரைத் தொடவே வேண்டாம். அதே பருமனில் தடை ஒன்றரை மடங்குக்குக் கிட்ட வரும், திருகில் இறுக்கிய இடம் நாளடைவில் தளரும்.

5 வோல்ட் கேமராவுக்கு நிலைமை இன்னும் இக்கட்டு. 10 மீட்டர் யுஎஸ்பி கேபிளில் பவர் வயர் 28 கேஜ் என்றால், அரை ஆம்பியருக்கே 2 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் 3 வோல்ட்டில் கேமரா விழிக்கவே விழிக்காது. 3 மீட்டருக்கு மேல் போகிறதென்றால், உள்ளேயிருந்து 12 வோல்ட்டை அனுப்பி, கேமராவின் பக்கத்தில் 12-இலிருந்து 5 வோல்ட்டாகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் கன்வர்ட்டர் ஒன்றை வையுங்கள். வழியில் அரை வோல்ட் போனாலும் கன்வர்ட்டர் திடமாக 5 வோல்ட் கொடுக்கும். ரெசினில் அடைத்த, தண்ணீர் புகாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். 3 ஆம்பியர் வகை தாராளம்.

சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. லென்ஸ் பக்கத்து ஒளி சென்சாரை உள்ளங்கையால் மூடுங்கள். சில நொடிகளில் மெலிதாக 'டிக்' என்று ஃபில்டர் மாறும் சத்தம் கேட்கும், எல்இடிகள் மங்கிய சிவப்பில் தெரியும் (சில வகைகளில் கண்ணுக்கே தெரியாது). அப்போது கேமரா முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 12 வோல்ட் கேமராவில் 10.8க்குக் கீழே இறங்கினால் வயரை மாற்றியே ஆக வேண்டும். கேமராவைச் செருகாமல் வெறும் முனையில் அளந்தால் எப்போதும் 12தான் காட்டும். அந்த அளவால் பயனில்லை.

ரொம்ப தூரம் என்றால் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே கரண்ட்டையும் அனுப்பும் முறை) பற்றி யோசியுங்கள். உள்ளே கரண்ட்டைக் கேபிளில் ஏற்றும் ஒரு இன்ஜெக்டர், நெட்வொர்க் கேபிள், கேமரா முனையில் அந்தக் கரண்ட்டைப் பிரித்து 12 அல்லது 5 வோல்ட்டாகத் தரும் ஸ்பிளிட்டர். சுமார் 48 வோல்ட்டில் போவதால் 100 மீட்டர் முனையிலும் 12.95 வாட்ஸ் வரை கிடைக்கும். கேபிள் போட்ட பிறகு வைஃபைக்குப் பதில் அதிலேயே படத்தையும் அனுப்ப முடிந்தால் அதுவே மேல்.

மெயின் கரண்ட்டையே வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் பிரேக்கர்) கட்டாயம். அடாப்டரை ஐபி65 (தூசியும் மழைநீரும் புகாத தரம்) பெட்டிக்குள் வைத்து, வயர்களைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் கிளாண்ட் (வயரை இறுக்கி நீர் புகாமல் அடைக்கும் மூடி) வழியாக எடுக்க வேண்டும். சிறு பெட்டிக்குள் வெயிலில் அடாப்டர் வேகும், ஆகவே பெட்டி பெரிதாகவும் நிழலிலும் இருக்கட்டும். மெயினையும் டிசியையும் ஒரே பைப்பில் விடக் கூடாது. வெளி விளக்கின் பாயின்ட்டிலிருந்து எடுத்தால் விளக்கை அணைக்கும்போது கேமராவும் அணையும். சுவிட்சுக்கு முன்னாலிருந்து தனி ஃபேஸ் வர வேண்டும்.

கேமராவின் ஐபி66 அதன் உடம்புக்கு மட்டும். கேமராவிலிருந்து வால் போலத் தொங்கும் வயரின் முனையில் இருக்கும் கனெக்டருக்கு அது பொருந்தாது. மழைக்காலம் முடிந்து பின்னைக் கழற்றிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருக்கும். கனெக்டரைச் சிறு ஜங்ஷன் பாக்ஸுக்குள் வையுங்கள், அல்லது தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். சாதாரண இன்சுலேஷன் டேப் வெயிலில் பிரிந்துவிடும். சுவர்த் துளை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கட்டும். வயர் துளைக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். வயரைப் பிடித்து வரும் நீர் அங்கே சொட்டிவிடும். அதன் பிறகு சிலிக்கானால் அடையுங்கள்.

கரண்ட் போனாலும் கேமரா ஓட வேண்டுமென்றால், அடாப்டருக்கும் கேமரா வயருக்கும் நடுவில் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைக்கலாம். ரவுட்டருக்கும் ஒன்று வேண்டும். கேமரா விழித்திருந்தாலும் ரவுட்டர் அணைந்துவிட்டால் போனில் எதுவும் தெரியாது. மெமரி கார்டு போட்டிருந்தால் பதிவாவது மிஞ்சும்.